வழுக்குக் கொத்தனார்

ஏப்ரல் 29, திங்கள்

இது போன வருஷத்து டைரி. சிமெண்ட் கம்பெனிக்காரர் அப்பாவுக்கு ஓசியில் கொடுத்தது. எல்லாப் பக்கத்திலும் கிழமை தப்பு. அடித்துத் திருத்தித் திருத்தி எழுதுகிறேன். பத்தாவது பரீட்சை முடிந்துவிட்டது, ரிசல்ட் வரவில்லை, அதனால் நான் இப்போதைக்கு படித்தவளும் இல்லை, படிக்காதவளும் இல்லை.

பெயர் முப்பிடாதி. வீட்டில் முப்பு. பள்ளிக்கூடத்தில் 'முப்பது மார்க் பிடாதி'. அந்தப் பெயரை நானே வைத்துக்கொண்டேன், வேறு யாராவது வைப்பதற்கு முன்னால். வகுப்பில் சாக்பீஸ் டப்பாவுக்குள் வெட்டுக்கிளி, கணக்கு சார் நாற்காலிக்கு அடியில் பலூன் எல்லாம் என் கைங்கரியம். ஏப்ரல் ஒன்றாம் தேதி மட்டும் நான் லீவு. அன்றைக்கு யாரையும் ஏமாற்றுவதில்லை. கொள்கை.

இன்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டோக்கன் 41. அப்பா, அம்மா, நான். ஐந்து வருஷம் முன்னால் அப்பா எங்கள் வீட்டுப் பின்வாசல் நடையில் விழுந்து இடது இடுப்பை உடைத்துக்கொண்டார். அப்போது மூன்று ஸ்க்ரூ போட்டார்கள். ஊர் எனக்கு ஸ்க்ரூ லூஸ் என்று சொல்லும். அப்பாவுக்கு மூன்றும் டைட். வீட்டுக்குச் சராசரி சரியாக வந்துவிட்டது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். "எலும்பு நல்லா ஒட்டியிருக்கு. ஆனா இடுப்பு மூட்டுல இருக்கிற இந்தப் பந்துக்கு ரத்தம் போகாம செத்துப்போச்சு" என்றார். பந்து பாதி கடித்து வைத்த மைசூர்பாகு மாதிரி இருந்தது.

"முழு மூட்டையும் மாத்தணும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். உடையாத இடுப்பை மாத்துறது வேற, ஒரு தடவை உடைஞ்சு ஒட்டின இடுப்பை மாத்துறது வேற. நேரம் அதிகம் பிடிக்கும். ரத்தம் அதிகம் போகும். கிருமி சேர்றதுக்கும், பின்னால மூட்டு நழுவுறதுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்."

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "குத்தவைச்சு உக்காரலாமா சார்?"

"இனிமே கூடவே கூடாது. சம்மணமும் கூடாது."

அப்பா டைல்ஸ் கொத்தனார். பெயர் பலவேசம். இருபத்து நாலு வருஷமாகக் குத்தவைத்தே சம்பாதித்தவர். தலையை ஆட்டினார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று ஆட்டுவது போல.

பிறகு டாக்டர் பழைய ஃபைலைக் கேட்டார். அந்த ஸ்க்ரூ எந்தக் கம்பெனி, தலை எந்த வடிவம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமாம். அதற்குத் தகுந்த ஸ்க்ரூ டிரைவர் வரவழைத்து முதலில் அந்த மூன்றையும் கழற்ற வேண்டுமாம்.

"வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது எங்கேயோ போயிட்டு டாக்டர்" என்றாள் அம்மா.

நான் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

வீடே ஃபைலைத் தேடியது. பீரோ, அரிசி டிரம்முக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில். நானும் தேடினேன். அது இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துத் தேடினேன்.

மதியம் புளிக்குழம்பு, அப்பளம்.

மே 2, வியாழன்

எங்கள் வீட்டுத் தரையைப் பற்றி எழுத வேண்டும். அப்பா வேலை செய்த வீடுகளில் மிஞ்சிய கல்லையெல்லாம் கொண்டுவந்து ஒட்டியது. அடுக்களையில் தாசில்தார் வீட்டுக் கல், முன்னறையில் மருந்துக்கடை, நான் படுக்கிற இடத்தில் பாதி எல்.ஐ.சி. ஏஜெண்டு, பாதி பிள்ளையார் கோயில் மடப்பள்ளி. ஒரே இடம்தான் ஒரே மாதிரி கல். பின்வாசல் நடை. அதற்கு மட்டும் அப்பா புதுப்பெட்டி வாங்கிப் போட்டார்.

அங்கேதான் விழுந்தார்.

டைல்ஸ் கொத்தனார் தான் போட்ட டைல்ஸில் தானே வழுக்கி விழுந்தால் ஊர் சும்மா இருக்குமா? 'வழுக்குக் கொத்தனார்' என்று பெயர் வைத்துவிட்டது. நல்ல பெயர்தான், பெயர் வைப்பதில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஆனால் அதற்கப்புறம் பெரிய வேலை எதுவும் வரவில்லை. "அவரு போட்டா வழுக்கும்" என்று ஒருவர் சொன்னால் போதுமே. அப்பா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அம்மாவின் தம்பி மந்திரம் மாமாதான் டீக்கடையில் ஒருத்தர் சட்டையைப் பிடித்துவிட்டார். மாமா அப்பாவோடு வேலை பார்க்கிறவர்.

இன்று சங்கரபாண்டியன் அண்ணாச்சி வந்தார். புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டுகிறார். ஆறாயிரம் சதுர அடி தரை. ஆபரேஷன் முடிந்ததும் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறேன், மச்சினன் ஆள் வைத்து ஒட்டுவான் என்று அப்பா சொன்னார். குத்தவைக்க முடியாத கொத்தனாருக்கு இனி உள்ள ஒரே வழி அதுதான்.

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். "பாப்போம் பலவேசம். பொம்பளையாளு பட்டுச்சேலை கட்டிக்கிட்டு நடக்குத தரை. வழுக்கிரக் கூடாது பாரு" என்று சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

மே 3, வெள்ளி

இட்லி, சாம்பார். மாமா பரண் மேலிருந்த மிச்ச டைல்ஸ் பெட்டிகளை இறக்கி ஆட்டோவில் ஏற்றிக் கல்லிடைக்குறிச்சிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் வீட்டு அடுக்களை வேலை. ஏழு பெட்டி.

மே 3, மறுபடி

ஏழு இல்லை. எட்டு. பரண் காலி. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன்.

மே 6, திங்கள்

ஆஸ்பத்திரி. அப்பாவுக்கு ரத்தம் எடுத்தார்கள், ஏழு குப்பி. பழைய காயத்துக்குள் கிருமி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கவாம். அப்படி இருந்தால் ஒரு ஆபரேஷன் இரண்டு ஆபரேஷனாகிவிடும்.

முதல் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் பதிவேடு இருக்குமே என்று டாக்டர் கேட்டார். அந்த ஆஸ்பத்திரி மூடி மூன்று வருஷம் ஆகிறது. அங்கே இப்போது ஃபர்னிச்சர் கடை. அப்பாவைக் கட்டிலில் போட்ட இடத்தில் இப்போது கட்டில் விற்கிறார்கள். இதை நான் சொன்னதும் டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தார். அப்பாகூடச் சிரித்தார். அம்மா மட்டும் டாக்டரிடம், "ஃபைல் இல்லேன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"எங்ககிட்ட இருக்கிற டிரைவரையெல்லாம் போட்டுப் பார்ப்போம். பொருந்தினா சரி. பொருந்தலைன்னா ஸ்க்ரூவோட தலையைத் துளைச்சு எடுக்கணும். அரை மணி நேரமும் ஆகலாம், ரெண்டு மணி நேரமும் ஆகலாம். அதுவரைக்கும் காயம் திறந்தே இருக்கும்."

காயம் திறந்தே இருக்கும். காயம் திறந்தே இருக்கும். எழுதிப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஆபரேஷன் மே 15, புதன்.

மே 7, செவ்வாய்

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம நீ கீரை ஆய வருவியா? இதுக்குள்ள ஏதும் தவளையைப் போட்டியா?"

இல்லை என்றேன். அவள் நம்பாமல் முறத்தை உதறிப் பார்த்தாள்.

மே 8, புதன்

கல்லிடைக்குறிச்சிக்கு டவுன் பஸ். லைப்ரரிக்குப் போவதாகச் சொன்னேன். யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், ஆனால் கேட்கவும் இல்லை.

போஸ்ட்மாஸ்டர் வீட்டு அடுக்களையில் மாமா குத்தவைத்துக் கலவை பரத்திக்கொண்டிருந்தார். முழங்கால்வரை சிமெண்ட். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஏட்டி, அத்தானுக்கு என்ன?"

"அப்பா நல்லாத்தான் இருக்காவ. மாமா, எட்டுப் பெட்டி கொண்டாந்தியள்லா. அதுல சந்தன கலர் பெட்டி எங்க?"

"அது எதுக்கு ஒனக்கு? இன்னும் பிரிக்கல. வாசல்ல கெடக்கு."

போய்ப் பிரித்தேன். மேலே நாலு கல், கீழே ஆறு கல். நடுவில் பிளாஸ்டிக் கவரில் ஃபைல். ஒரு மூலையில்கூட கசங்கவில்லை. நான் எந்தக் காரியமும் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

மாமா கையைத் துடைக்காமலேயே பின்னால் வந்து நின்றார். ரொம்ப நேரம் ஃபைலையே பார்த்தார்.

"இதைத்தான வீடு பூரா தேடுதாவ?"

"ஆமா."

"நீயா வச்ச?"

"ஆமா."

"எதுக்குட்டி?"

சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன், எழுதினால் ஒரு தடவைதான் எழுத வேண்டும்.

அன்றைக்கு ஏப்ரல் ஒன்று. ஐந்தாம் வகுப்பு லீவு விடப்போகிற நேரம். மாமா தினமும் காலை ஏழு மணிக்குப் பின்வாசல் வழியாகத்தான் காப்பி குடிக்க வருவார். நான் நாலு ஷாம்பு பாக்கெட்டைப் பிரித்து நடையில் தேய்த்து வைத்தேன். மாமா 'சர்ர்ர்' என்று வந்து அடுக்களை வாசலில் உட்காருவார், எல்லோரும் சிரிப்பார்கள், இதுதான் திட்டம். அன்றைக்கு மாமா வரவில்லை. அப்பா ஒரு டைல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எனக்கு வச்சியா?" என்றார் மாமா.

"ஆமா. ஒங்களுக்குத்தான்."

மாமா வாசல்படியில் உட்கார்ந்தார். "அன்னைக்கு நான் தூங்கிட்டேம்ட்டி. பெட்டியைத் தூக்க வேண்டியவன் நானு. நான் வரலைன்னுதான் அத்தான் தூக்குனாவ. அஞ்சு வருசமா இதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்" என்றார்.

போஸ்ட்மாஸ்டர் வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, இரண்டு டம்ளர் மோர் வைத்துவிட்டுப் போனார்.

"ஃபைலை எதுக்கு ஒளிச்ச? அதுல என்ன இருக்கு?"

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டாக்டர் அப்பாவிடம் 'எப்படி விழுந்தீங்க?' என்று கேட்டார். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். டாக்டர் ஃபைலில் இரண்டு வரி எழுதினார். எனக்குக் கேட்கவும் இல்லை, அந்த எழுத்தைப் படிக்கவும் தெரியவில்லை. அந்த இரண்டு வரியைத்தான் ஒளித்தேன். ஃபைலில் ஸ்க்ரூவும் இருக்கும் என்று பத்து வயதில் யாருக்குத் தெரியும்?

"இப்ப படிச்சியா?"

"இல்ல. நீங்க படிங்க."

"நானே எட்டாப்பு. டாக்டர் எழுத்தை நான் எங்கிட்டுப் படிக்க?"

மோரைக் குடித்தோம். நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை மாமாவிடமும் சொல்லவில்லை.

மே 9, வியாழன்

ஃபைல் 'கிடைத்துவிட்டது'. பழைய டைல்ஸ் பெட்டிக்குள் கிடந்தது என்று மாமா அம்மாவிடம் சொன்னார். பொய் இல்லை, பாதி. அம்மா மாமா தலையைத் தடவி, "எஞ்சாமி" என்றாள். மாமா என்னைப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் புரட்டினார். ஸ்டிக்கரைப் பார்த்ததும், "இதான், இதான்" என்றார். உடனே யாருக்கோ போன் போட்டு டிரைவர் செட் சொன்னார். அப்புறம் முதல் பக்கத்துக்கு வந்து, சும்மா, சத்தமாகவே தமிழில் சொன்னார்.

"வீட்டுத் தரையைத் தானே தண்ணி ஊத்திக் கழுவும்போது வழுக்கி விழுந்ததாக நோயாளி சொல்கிறார். உடை நனைந்திருக்கிறது."

"ஆமா சார்" என்றார் அப்பா.

இவ்வளவுதான் இரண்டு வரி.

அப்பா எங்கள் வீட்டுத் தரையை ஒருநாளும் கழுவியதில்லை. அன்றைக்குத் தரையில் தண்ணீரும் இல்லை. அப்பா விழுந்ததும் நான்தான் வாளியை எடுத்தேன். ஷாம்பு போகிற மட்டும் இரண்டு வாளி ஊற்றினேன். அப்பா அந்தத் தண்ணீரிலேயே கிடந்தார். சட்டையெல்லாம் நனைந்தது. கத்தவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. நுரை போனதற்கப்புறம்தான் நான் "எம்மா" என்று கத்தினேன்.

முதலில் கழுவினேன். அப்புறம் கத்தினேன். மாமாவிடம் சொல்லாதது இதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட். முக்கூடல் பக்கம் வயலில் கொக்கு. பதினாலு எண்ணினேன்.

மே 10, வெள்ளி

ரிசல்ட். 371. அப்பாவின் ஹீமோகுளோபின் 11.2. கிருமி இல்லை. எல்லோரும் பாஸ்.

மே 14, செவ்வாய்

அட்மிஷன். மாமா ரத்தம் கொடுத்தார். கொடுத்துவிட்டு வெளியே வந்து, "என் ரத்தம் ஏறுனா ஒங்கப்பாவும் டீக்கடையில சண்டை போடுவாவ பாரு" என்றார். நான் சிரித்திருக்க வேண்டும்.

மே 15, புதன்

7.40 உள்ளே கொண்டுபோனார்கள். அப்பா என் கையில் வாட்சைக் கழற்றிக் கொடுத்தார்.

9.00 ஒன்றும் இல்லை.

10.15 அம்மா கந்தசஷ்டி கவசம் மூன்றாவது தடவை. எனக்குப் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

11.05 நர்ஸ் வந்து, "ரெண்டு ஸ்க்ரூ வந்துருச்சு, ஒண்ணு நடுவுல ஒடைஞ்சிருச்சு, எடுத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். ஒன்றுக்கே இவ்வளவு. மூன்றும் வராமல் இருந்திருந்தால் என்று அம்மா சொல்லத் தொடங்கி நிறுத்தினாள். பிறகு மாமாவைப் பார்த்து, "ஒன்னாலதாம்டே" என்றாள். மாமா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

12.20 முடிந்தது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்களாம்.

டாக்டர் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். மூன்று ஸ்க்ரூ, நாலு துண்டு. கையில் கொட்டிப் பார்த்தேன். பெரிசாக ஒன்றும் கனமில்லை.

மே 18, சனி

காய்ச்சல் 101. அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். காயத்தைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள்.

காயம் திறந்தே இருக்கும். ஆபரேஷனுக்கு ஆறு நாள் முன்னால்தான் ஃபைலைக் கொடுத்தேன். ஐந்து வருஷம் முன்னால் கொடுத்திருக்கலாம்.

மே 19, ஞாயிறு

100.

மே 20, திங்கள்

98.6. காயத்தில் ஒன்றும் இல்லையாம், கையில் ஊசி போட்ட இடத்தில்தான் வீக்கமாம். அம்மா கான்டீனில் எனக்கு ஒரு நெய் ரோஸ்ட் வாங்கித் தந்தாள். தின்றேன்.

மே 25, சனி

வீடு. நாலு கால் வாக்கர். இரவில் இரண்டு காலுக்கும் நடுவே தலையணை, கால் மேல் கால் போடக் கூடாது, குனியக் கூடாது, தாழ்ந்த நாற்காலி கூடாது. இடது கால் ஒரு சென்டிமீட்டர் நீளமாகிவிட்டது. "வளர்ற வயசு" என்றார் அப்பா. எனக்குச் சேட்டை யாரிடமிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். யாரும் அப்பாவைக் கேட்டதில்லை.

வாக்கரோடு முன்னறை, அடுக்களை, கக்கூஸ் வரை நடந்தார். பின்வாசல் நடைக்கு வரும்போது நின்றார். அப்படியே திரும்பிவிட்டார்.

ஜூன் 2, ஞாயிறு

அண்ணாச்சி வந்தார். மாமாவும் இருந்தார். அண்ணாச்சி நலம் விசாரித்தார். ஆர்லிக்ஸ் பாட்டில் ஒன்று கொடுத்தார். மண்டபத்து வேலையை அடுத்த வாரம் தொடங்க வேண்டும், தென்காசிப் பக்கம் ஒருத்தரைக் கேட்டிருக்கிறேன் என்றார்.

"நான் நாற்காலியில இருந்து பாத்துக்கிடுவேன் அண்ணாச்சி" என்றார் அப்பா.

"பாப்பேரு வே, இல்லைன்னா சொல்லுதேன்? ஊருன்னா நாலு பேரு நாலு சொல்லத்தான் செய்வான்" என்றார். கை கழுவப் பின்வாசலுக்குப் போனவர் நடையில் நின்று வெறுங்காலால் தரையைத் தேய்த்தார். "இந்த இடந்தானா அது? வழுக்கலியே!"

"அன்னைக்கு ஈரம்" என்றார் அப்பா.

"ஈரமில்ல, ஷாம்பு" என்றேன்.

நான்தான் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாய் சொன்னது.

அப்பா உடனே, "ஏட்டி, சும்மா இரு. இவளுக்கு எதுக்கெடுத்தாலும் கேலி அண்ணாச்சி. விளையாட்டுக்குச் சொல்லுதா" என்றார். அண்ணாச்சியும் சிரிக்கத் தொடங்கினார். ஊரில் என் பெயர் அப்படி. நான் உண்மை சொன்னாலும் அடுத்த நிமிஷம் 'ஏமாந்தியா' என்று சொல்வேன் என்று எல்லோரும் காத்திருப்பார்கள்.

அண்ணாச்சி காத்திருந்தார். நான் சொல்லவில்லை.

"பச்சை பாக்கெட். ஒரு ரூபா ஷாம்பு, நாலு. மாமாவுக்குத்தான் வச்சேன். அப்பா வந்துட்டாவ. விழுந்ததும் நான் வாளியில தண்ணி கோரி ஊத்திக் கழுவிட்டேன். அப்பா அதுலதான் கெடந்தாவ. கழுவி முடிச்ச பொறவுதான் அம்மாவைக் கூப்பிட்டேன். ஃபைலையும் நாந்தான் ஒளிச்சு வச்சேன். மாமா கண்டுபிடிக்கல."

அண்ணாச்சி மாமாவைப் பார்த்தார்.

"ஆமா அண்ணாச்சி. எனக்கு வச்சது" என்றார் மாமா.

அடுக்களை வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையில் டம்ளர். அதை வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

அண்ணாச்சி காலடியில் தரையைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "அப்போ தரையில குத்தமில்ல?" என்றார்.

அப்பா வாக்கரைப் பிடித்து எழுந்தார். அம்மா பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நடை வரைக்கும் வந்தார்.

"தரையில என்ன குத்தம் அண்ணாச்சி? இது வழவழப்புக் கல்லு இல்ல. சொரசொரப்பு. வெளிநடைக்குன்னே உள்ளது. எம்புள்ள ஓடுத எடம்னு தேடிப் புடிச்சு மதுரையில வாங்குனேன். வாட்டம் பாருங்க, முத்தத்துப் பக்கம் கால் இஞ்சு எறக்கம். ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. இடைவெளியைப் பாருங்க. ஒரு கல்லு இப்பவரைக்கும் ஒட்டு விட்டுச் சத்தம் மாறியிருக்கா? தட்டிப் பாருங்க. தட்டுடா மந்திரம்."

மாமா குத்தவைத்துச் சாவியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டினார். டிங், டிங், டிங். எல்லாம் ஒரே சத்தம். அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பேச்சு முழுக்க ஐந்து வருஷமாக உள்ளே இருந்திருக்கிறது.

அண்ணாச்சி தானும் குனிந்து இரண்டு கல்லைத் தட்டினார். "தென்காசிக்காரனுக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கிடுதேன். புதங்கிழமை கார் அனுப்புதேன், வாரும். ஒசந்த நாற்காலியாப் போடச் சொல்லுதேன்."

போகும்போது என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஜூன் 3, திங்கள்

அம்மா பேசவில்லை. தட்டு வைத்தாள். சோறு போட்டாள்.

ஜூன் 4, செவ்வாய்

பேசவில்லை. அப்பாவுக்குப் பிசியோ பயிற்சி எண்ணிச் சொல்வது என் வேலை. காலை நீட்டி மடக்கி இருபது தடவை. பன்னிரண்டில் கேட்டேன்.

"எப்பா, அன்னைக்கு நான் கழுவுனதைப் பாத்தியளா?"

"பாக்காம? மல்லாக்கக் கெடக்கேன், வேற எங்கன பாக்க?"

"ஏன் சொல்லல?"

"பதிமூணு" என்றார். "எண்ணுட்டி."

பதிமூன்று. பதினாலு. இருபது வரை எண்ணினேன்.

ஜூன் 5, புதன்

கார் வந்தது. அப்பா மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு போனார். நான் கூடப் போகவில்லை. அம்மா பேசவில்லை. நான் துணி மடித்தேன். அம்மா சேலையை மடித்தபோது மட்டும் வந்து வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 7, வெள்ளி

காலையில் அம்மா அடுக்களையிலிருந்தே, "ஏட்டி, அந்த வாளியை எடு. நடையைக் கழுவு. அப்பா இன்னைக்கு அந்த வழியா நடக்கணுமாம்" என்றாள். ஐந்து நாளில் முதல் பேச்சு.

கழுவினேன். இரண்டு வாளி. விளக்குமாறால் முற்றத்துப் பக்கம் தள்ளினேன். அப்பா சொன்னது சரிதான், ஒரு சொட்டு நிற்கவில்லை. ஆனாலும் பழைய வேட்டியை எடுத்து ஒவ்வொரு கல்லாகத் துடைத்தேன்.

அப்பா உயரமான நாற்காலியில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. காயட்டும் என்று நானும் உட்கார்ந்தேன். வெயில் முற்றத்திலிருந்து நடைக்கு ஏறி வந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்துவிட்டது. மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.

"வாங்கப்பா" என்றேன்.

பதினோரு அடி. எண்ணினேன்.